ஓலைக் கொட்டகை முதல் கருங்கல் மண்டபம் வரை: ரமணாசிரமக் கட்டடங்களின் கதை

ஒரு பழைய விடுதியின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். யார் கட்டியது? யாருக்குச் சொந்தம்? ஒரு நாள் வாடகை எவ்வளவு?

திருவண்ணாமலையில், அருணாசலேஸ்வரர் கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செங்கம் சாலையில் ஓர் இடம் இருக்கிறது. நூறு வருடமாக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிப் போகிறார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அங்கே வழக்கமான பதில் கிடைக்காது. கட்டியவர்களில் பலர் துறவிகள். சொந்தக்காரர் என்று ஒரு தனி மனிதர் இல்லை. வாடகை என்ற ஒன்றே கிடையாது!

ரமணாசிரமத்தைப் பற்றி ஆன்மிகப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. அந்தக் கட்டடங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. இடம் போதாமல் தவித்த கதை. யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று நடந்த போராட்டத்தின் கதை. அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

குகைக்கு டிக்கெட்

கதை ஆசிரமத்தில் தொடங்கவில்லை, மலை மேல் தொடங்குகிறது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயது வெங்கடராமன் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி மாறி இருந்துவிட்டு, 1899 வாக்கில் மலை மேல் உள்ள விரூபாட்ச குகைக்குப் போனார். 1916 வரை பெரும்பாலும் அங்கேதான்.

அந்தக் குகை ஒரு மடத்துக்குச் சொந்தமானது. கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் மலையேறும் அல்லவா? அப்போது குகைக்குள் வருகிறவர்களிடம் மடத்தார் ஒரு சிறு கட்டணம் வசூலித்தார்கள். உள்ளே இருக்கும் சாமியைப் பார்க்க வருபவர்களும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. ரமணர் சண்டை போடவில்லை, எழுந்து வெளியே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். குத்தகைக்காரர்கள் வெளிவட்டத்தையும் சேர்த்து வசூலிக்க ஆரம்பித்ததும், அங்கிருந்தும் எழுந்து வேறொரு குகைக்குப் போய்விட்டார். உள்ளே அவர் இல்லை என்றால் கட்டணம் கொடுக்க யார் வருவார்கள்? கடைசியில் மடத்தாரே வந்து, "நீங்கள் இருக்கும்வரை வசூலிக்க மாட்டோம்" என்று சொல்லித் திரும்ப அழைத்துப் போனார்கள்.

பின்னாளில் ஆசிரமத்தில் எத்தனையோ விதிகள் வந்தன, போயின. 'உள்ளே வர காசு இல்லை' என்ற விதி மட்டும் இன்றுவரை மாறவில்லை. அதன் வேர் அந்தக் குகையில் இருக்கிறது.

1916இல் கந்தசாமி என்ற அடியார் கஷ்டப்பட்டுத் திருத்திய இடத்துக்கு ரமணர் மாறினார். அதுதான் ஸ்கந்தாசிரமம். தாயார் அழகம்மாளும் வந்து சேர்ந்தார். அதுவரை சீடர்கள் ஊருக்குள் இறங்கி, பாடிக்கொண்டே பிச்சை எடுத்து வந்ததைத்தான் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். (அப்படிப் பாடிப் போவதற்காக எழுதப்பட்டதுதான் 'அருணாசல அக்ஷரமணமாலை'.) அம்மா வந்த பிறகு அடுப்பு மூட்டப்பட்டது. ஆசிரமத்தின் முதல் 'கட்டடம்' எது என்று கேட்டால், அந்தச் சமையலறையைத்தான் சொல்ல வேண்டும்!

1922: ஒரு சமாதி, ஒரு கொட்டகை

1922 மே 19ஆம் தேதி அழகம்மாள் காலமானார். முக்தி அடைந்தவர் என்று கருதப்பட்டதால் உடலை எரிக்காமல் அடக்கம் செய்வது என்று முடிவானது. மலையின் மேல் அடக்கம் செய்யும் வழக்கம் இல்லை. எனவே தென்புற அடிவாரத்தில், பாலி தீர்த்தம் என்ற குளத்தின் அருகில் இடம் பார்த்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு தட்சிணாமூர்த்தி கோயில். மற்றபடி ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத இடம்.

சமாதிக்கு மேலே ஓர் ஓலைக் கொட்டகை போட்டார்கள். ரமணர் ஸ்கந்தாசிரமத்திலிருந்து தினமும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த ஆண்டு டிசம்பர் வாக்கில் ஒருநாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். திட்டம், வரைபடம், அடிக்கல் விழா எதுவும் கிடையாது. ரமணாசிரமம் தொடங்கியது அப்படித்தான்.

ஏன் அந்த இடம்? மேல்பார்வைக்கு ஒரு தற்செயல். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல காரணங்களும் உண்டு. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. கிரிவலப் பாதை வாசலிலேயே போகிறது. முதுகுப்புறம் மலை. முதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் இனி மலையேற வேண்டியதில்லை. கட்டடம் கட்டுகிறவர்கள் பல மாதம் தேடி எடுக்கும் முடிவை, ஒரு சமாதி எடுத்துக் கொடுத்துவிட்டது.

திருடர்கள் எடுத்த கணக்கு

அந்த ஆரம்ப நாட்களில் ஆசிரமத்தின் சொத்து மதிப்பு எவ்வளவு? இதற்கு விசித்திரமான ஓர் ஆதாரம் இருக்கிறது. 1924 ஜூன் 26ஆம் தேதி இரவு திருடர்கள் வந்தார்கள். பணம் குவிந்து கிடக்கும் என்று நினைத்து வந்தவர்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்க்கக் கிளம்ப, ரமணர் தடுத்துவிட்டார். கதவைத் திறந்துவிடச் சொல்லி, மற்றவர்களோடு வெளியேறினார். வெளியே வரும்போது அவருக்கும் தொடையில் அடி விழுந்தது. திருப்தி இல்லையென்றால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வடக்கே இருந்த இன்னொரு கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திருடர்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள். சாமி விக்கிரகங்களுக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள், வந்திருந்த ஒருவரின் சில ரூபாய்கள். மொத்தம் போனது சுமார் பத்து ரூபாய் மதிப்பு! நிறுவனத்தின் முதல் ஐந்தொகையைத் தயாரித்தவர்கள் திருடர்கள் என்று சொன்னால் வணிகவியல் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

செங்கல் வருகிறது

1920களின் இறுதியில்தான் நிலையான கட்டடங்கள் வந்தன. 1928 வாக்கில் பழைய ஹால் எழுந்தது. மிகச் சாதாரணமான கட்டடம். நீளவாக்கில் ஒரே அறை, ஜன்னல்கள், ஒரு ஓரத்தில் சோபா. அந்த சோபாதான் அடுத்த இருபது வருடங்களுக்கு ரமணரின் வீடு, படுக்கை, வரவேற்பறை எல்லாம். தனி அறை என்று ஒன்று அவருக்கு இல்லை. இரவு நடுநிசியில் யாராவது வந்தால்கூட உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் தலைவர் தனக்கென்று கதவே இல்லாமல் இருபது ஆண்டுகள் இருந்தார் என்பது கட்டடக் கலையிலும் ஒரு செய்திதான்.

இதே 1928இல்தான் அண்ணாமலை சுவாமி வந்து சேர்ந்தார். முறையான பொறியியல் படிப்பு இல்லாத இவர்தான் அடுத்த பத்து ஆண்டுகள் ஆசிரமக் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டார். எங்கே எதைக் கட்டுவது, எந்த அளவில் கட்டுவது என்று ரமணரே சொல்லுவார், சில சமயம் வரைந்தும் காட்டுவார். மலைச்சரிவு மண் மழையில் அடித்துக்கொண்டு வராமல் இருக்கத் தடுப்புச் சுவர், படிகள், கோசாலை, சமையலறையோடு சேர்ந்த சாப்பாட்டுக் கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இதில் கோசாலையின் கதை சுவையானது. 1926இல் ஒருவர் லட்சுமி என்ற கன்றுக்குட்டியை ஆசிரமத்துக்குக் கொடுத்தார். மாடுகள் பெருகின. நிர்வாகத்தைக் கவனித்த சின்னசுவாமி (ரமணரின் தம்பி, துறவுப் பெயர் நிரஞ்சனானந்த சுவாமி) இருக்கும் பணத்துக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒரு தொழுவம் போதும் என்றார். ரமணரோ பெரிதாகக் கட்டும்படி அண்ணாமலை சுவாமியிடம் சொல்லிவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டவர் பாவம், அண்ணாமலை சுவாமி! கடைசியில் பெரிய கோசாலைதான் எழுந்தது. 1948இல் இறந்த பசு லட்சுமியின் சமாதியையும் ஆசிரமத்துக்குள் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சின்னசுவாமியைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் ஒருபக்கம் பணத்தைத் தொடாத அண்ணன், மறுபக்கம் தினமும் சாப்பிட வரும் கூட்டம். மளிகைக் கடைக்காரருக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்? வருமானம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாத ஒரு விடுதியை, வாடகை வாங்காமல் நடத்திக் காட்டியவர் அவர்.

யார் தங்கலாம்?

எல்லோருக்கும் திறந்த இடம் என்று சொல்கிறோம். உண்மையிலேயே எல்லோருக்கும் திறந்திருந்ததா? நேர்மையாகப் பார்த்தால், இல்லை.

ரமணர் இருந்த காலத்தில் பெண்கள் ஆசிரம வளாகத்தில் இரவு தங்க முடியாது. பொழுது சாய்ந்தால் கிளம்பிவிட வேண்டும். அங்கே சமையல் செய்தவர்களில் சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற பெண்கள் முக்கியமானவர்கள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்தவர்கள், இருட்டியதும் ஊருக்குள் நடந்து போய், காலையில் மறுபடி நடந்து வந்தார்கள். 'விருந்தோம்பல்' என்று நாம் பெருமையாகச் சொல்லும் வார்த்தைக்குள் இந்த நடையும் இருக்கிறது.

அதேபோல் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. தடுப்பு வேண்டாம் என்று ஒரே நாளில் உத்தரவு போடாத ரமணர், இரண்டு பக்கமும் தெரியும்படியான ஓர் இடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார். யாருக்கு எது பரிமாறினார்களோ அதையே தனக்கும் பரிமாறச் சொன்னார். இது போதுமா என்று இன்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1930களின் தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம், கோயில் நுழைவு என்று பெரிய அலைகள் எழுந்துகொண்டிருந்தபோது, இந்தச் சாப்பாட்டுக் கூடமும் அந்தக் காலத்துக்கு வெளியே இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம், தடை விதிகள் ரமணர் மேலேயே திரும்பியபோது என்ன நடந்தது என்பதற்கும் ஒரு சம்பவம் சொல்வார்கள். அவருக்கு வயதாகி உடல் தளர்ந்த பிறகு, மதியம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் யாரும் ஹாலுக்குள் போகக் கூடாது என்று நிர்வாகம் அறிவித்தது. அன்று மதியம் ரமணர் ஹாலுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, 'நீங்கள் உள்ளே போகக் கூடாது என்றுதானே விதி? நான் வெளியே வரக்கூடாது என்று இல்லையே!' என்பது போலப் பதில் சொன்னாராம். விரூபாட்ச குகையின் அதே ஆள்தான்!

கடல் கடந்து வந்தவர்கள்

1931இல் பால் பிரன்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் வந்து போனார். 1934இல் அவருடைய புத்தகம் லண்டனில் வெளியானதும், திருவண்ணாமலை என்ற பெயரையே கேள்விப்படாதவர்களெல்லாம் ரயில் ஏறி வர ஆரம்பித்தார்கள். 1935 நவம்பரில் மேஜர் சாட்விக் வந்தார். ராணுவ அதிகாரியாக இருந்தவர். அனுமதி வாங்கி வளாகத்துக்குள்ளேயே தனக்கு ஒரு சிறிய குடில் கட்டிக்கொண்டு, கடைசிவரை திருவண்ணாமலையிலேயே இருந்தார்.

அந்தக் குடிலுக்கு உலக இலக்கியத்திலும் ஒரு சின்ன இடம் உண்டு. 1938இல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தது சாட்விக்கின் அறையில்தான். ஹாலுக்கு அவரால் வர முடியவில்லை என்று தெரிந்து ரமணரே அந்த அறைக்கு வந்து, பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 1944இல் வந்த மாமின் நாவலில் வரும் இந்தியத் துறவிக்கு ரமணரின் சாயல் உண்டு.

உள்ளே இடம் போதாததால் ஆசிரமம் வெளியே வழிய ஆரம்பித்தது. மேற்கே குளத்தை ஒட்டிய பாலாக்கொத்தில் சாதுக்கள் தனித்தனிக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். கவிஞர் முருகனார், குஞ்சு சுவாமி போன்றவர்கள் அங்கே இருந்தவர்கள்தான். 1938இல் கட்டட வேலையை விட்டு விலகிய அண்ணாமலை சுவாமியும் அங்கே போய், 1995இல் இறக்கும்வரை வாழ்ந்தார். சாலையின் எதிர்ப்புறம் மோர்வி சமஸ்தான மகாராஜா பெயரில் ஒரு விருந்தினர் விடுதி வந்தது. இரவில் உள்ளே தங்க முடியாத பெண்களும் குடும்பத்தோடு வந்தவர்களும் சுற்றிலும் வீடு பார்த்துக்கொண்டார்கள். இப்படி உருவான பகுதிதான் இன்றைய ரமண நகர். ஒருவகையில், ஆசிரமத்தின் கதவு சாத்தப்பட்டதால் உருவான ஊர் அது!

சொந்தக்காரர் யார்?

பத்து ரூபாய் சொத்து இருந்தவரை யாருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. கட்டடங்கள் எழுந்ததும் வந்துவிட்டது. முன்பு நிர்வாகத்தில் இருந்த பெருமாள் சாமி என்பவர் உரிமை கோரி வழக்குப் போட்டார். 1936 நவம்பரில் ரமணரிடம் சாட்சியம் பதிவு செய்ய ஆணையர் ஆசிரமத்துக்கே வந்தார். பிரம்மச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் ஆகிய நான்கு ஆசிரமங்களில் நீங்கள் எதைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். 'அதியாசிரமி' என்று பதில் வந்தது. அதாவது நான்குக்கும் அப்பாற்பட்டவர். முறையாக சந்நியாசம் வாங்காதவர் என்பதால், சொத்து வைத்துக்கொள்ளலாமா என்ற சட்டக் கேள்வி இதற்குள் ஒளிந்திருந்தது.

1938 மார்ச்சில் ஓர் உயில் எழுதப்பட்டது. நிர்வாகப் பொறுப்பு தம்பி நிரஞ்சனானந்த சுவாமிக்கும், அவருக்குப் பின் அவருடைய மகனின் வழிக்கும் போகும். இடம் என்றென்றும் ஆன்மிக நிலையமாகவே இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் ரமணர் பெயர் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் இழுத்தார். சொத்தும் பெயரும் வேண்டாதவர், அந்த இடம் சிதறாமல் இருப்பதற்காகச் சட்டத்துக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு கோடுதான்.

கல் யுகம்

1939 செப்டம்பர் 1ஆம் தேதி தாயாரின் சமாதி மேல் கருங்கல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ரமணர் திருவண்ணாமலை வந்து 43 வருடங்கள் நிறைந்த நாள். அதே நாளில்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்து இரண்டாம் உலகப் போர் தொடங்கியது! போர்க்காலம், பணத் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து வேலை பத்து வருடம் இழுத்தது. வைத்தியநாத ஸ்தபதி தலைமையில் முழுக்கத் தென்னிந்தியச் சிற்ப மரபுப்படி கட்டப்பட்ட மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. கருவறையில் லிங்கத்தோடு ஸ்ரீசக்ர மேருவும் இருப்பது இக்கோயிலின் தனித்தன்மை.

இடையில் 1946இல், வருகையின் பொன்விழாவுக்குக் கூட்டம் பழைய ஹாலில் அடங்காது என்று பக்கத்தில் ஒரு ஜூபிலி பந்தல் போட்டார்கள். மறுபடியும் ஓலை! கோயிலுக்கு முன்னால் கல்தூண்களோடு ஒரு புதிய ஹாலும், ரமணருக்காகக் கல்லிலேயே செதுக்கிய ஓர் ஆசனமும் தயாராயின. ஆனால் அந்தக் கல் ஆசனத்தில் அவர் அதிக காலம் உட்காரவில்லை. கையில் புற்றுநோய்க் கட்டி வந்து அறுவை சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. கடைசி மாதங்களை ஒரு மிகச் சிறிய அறையில் கழித்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அங்கேயே மறைந்தார். பெரிய கல்மண்டபம் பக்கத்தில் இருக்க, வரிசையில் நின்று ஜனங்கள் எட்டிப் பார்த்தது அந்தச் சின்ன அறையைத்தான்.

சமாதி பழைய ஹாலுக்கும் தாயார் கோயிலுக்கும் நடுவில் அமைந்தது. முதலில் ஒரு கொட்டகை, பிறகு மண்டபம். 1967 ஜூன் 18ஆம் தேதி கும்பாபிஷேகம். 1922இல் எப்படித் தொடங்கியதோ அதே வரிசை: சமாதி, ஓலை, கல்.

இன்று

இன்று போய்ப் பார்த்தால் வாசலில் பழைய இலுப்பை மரம் நிற்கிறது. மயில்கள் கூரை மேல் நடக்கின்றன. பழைய ஹாலில் சோபாவின் மேல் ரமணரின் படம் இருக்கிறது. தங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும், சில நாட்களுக்குத்தான் இடம் கிடைக்கும். பெண்களுக்கும் உண்டு. வாடகை இல்லை, விரும்பினால் நன்கொடை. காலை வேளையில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வழங்குவது தொடர்கிறது. ஆனால் வாசலைத் தாண்டினால் செங்கம் சாலை முழுக்க லாட்ஜ், உணவகம், ஆட்டோ ஸ்டாண்ட். நிலத்தின் விலையைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு கட்டடத்தின் பெருமை அதன் உயரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். இங்கே மிகப் பெரிய கல்மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கடைசியில் அதிக நேரம் உட்காருவது, 1928இல் கட்டிய அந்தச் சாதாரண ஹாலில்தான். காரணம் எளிது. அது யாரும் வரலாம் என்று திறந்து வைத்த அறை. பூட்டப்பட்ட கதவுகளும் அங்கே இருந்தன, அவற்றில் சில பிறகு திறந்தன. கட்டணம் வசூலித்த குகையிலிருந்து எழுந்து போன ஒருவர் தொடங்கிய இடம், நூறு வருடம் கழித்தும் கட்டணம் இல்லாமல் இருக்கிறது என்றால், அந்த அஸ்திவாரத்தைப் போட்டது எந்த ஸ்தபதியும் இல்லை.

அடுத்த முறை கிரிவலம் போகும்போது, அந்த வாசலில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள்.